இரண்டில் ஒரு டிஸ்க் வரவில்லை

என் நோட்டில், மகாளய அமாவாசைக்கு முந்திய வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலை பத்தே கால். பெட்டியில் இரண்டாம் டிஸ்க் விலகிவிட்டது. சிவப்பு விளக்கு. முதல் டிஸ்க் தனியாக ஓடுகிறது. கடைக்காரருக்குப் போன் செய்ய வேண்டும்." அடுத்த வரி மறுநாள் தேதியில்: "பின்வரிசைப் பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், இரு பக்கமும் ஸ்கேன் செய்தேன். அசலை அன்றே திருப்பித் தந்தேன்." கடைக்காரருக்குப் போன் செய்ததாக எங்கும் வரி இல்லை. அப்படியென்றால் நான் செய்யவில்லை. செய்திருந்தால் எழுதியிருப்பேன்.

பெட்டி என்று நான் சொல்வது செருப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கறுப்பு இயந்திரம். சிவாஜிநகரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். அதன் முகப்பில் இரண்டு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். நாம் எதைப் போட்டு வைத்தாலும் பெட்டி அதை இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் எழுதிவிடும். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் அரசு அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில்தான் இருந்தேன். ஒரே பதிவேட்டை இரண்டு பேர் இரண்டு மேசையில் எழுதுவதுபோல் இது வேலை செய்கிறது என்று கடைக்காரர் சொன்னபோது, வேறு எதுவும் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வரிசை வீடுகளின் காகிதங்களைச் சேர்த்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, கால்பந்துக் குழுவின் படம், வீடு ஒதுக்கிய கடிதம். எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். யாரோ ஒருவர் ஒருநாள் எங்கள் தெருக்களைப் பற்றி எழுத நினைத்தால் அவருக்குத் தேதிகளாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம். பிரயாணக் குறிப்புகளும் நாட்குறிப்புகளும் நிறையப் படித்ததால் வந்த பழக்கமாகவும் இருக்கலாம். அவற்றை எழுதியவர்கள் தேதி போடாத இடங்களில் எனக்கு எரிச்சல் வரும்.

பின்வரிசைப் பெண்ணுக்கு வயது நாற்பதை ஒட்டி. ஒரு அரசுத் துறையில் டிரைவராக இருந்த கணவர் போன வருடம் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அந்த இடத்துக்குப் பதிலாகக் கருணை அடிப்படையில் இவருக்கு ஒரு வேலை தரலாம் என்று கடிதம் வந்திருந்தது. அதுவரை பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலை. விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் போவார். அந்தக் கடிதம் வந்த அன்று எங்கள் வரிசை முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

தடையாக நின்றது வயது வரம்பு. ஆதார் அட்டையில் இவர் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. தேதி தெரியாத பலருக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அதில் உள்ள ஆண்டின்படி பார்த்தால் இவர் வரம்பைத் தாண்டிவிட்டார். பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள ஆண்டின்படி பார்த்தால் தாண்டவில்லை. அந்தச் சான்றிதழை என்னிடம் கொண்டுவந்து ஸ்கேன் செய்துகொண்டதும் அதனால்தான்.

"ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும் ஆன்ட்டி. எங்க வீட்ல எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

அடுத்த வாரத்து மழையில் பின்வரிசையில் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி நனைந்தது. மடித்து வைத்திருந்த சான்றிதழ் ஒட்டிப்போய், பிரித்தபோது மை கரைந்து நீல நிறக் கறையாக மட்டும் இருந்தது. பள்ளியோ எப்போதோ வேறொரு பள்ளியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பதிவேடு தேட வேண்டும், நாளை வாருங்கள் என்று அங்கே சொன்னார்களாம். இவர் அதைக் கன்னடத்திலேயே நடித்துக் காட்டினார். "நாளெ பன்னி, நாளெ பன்னி. நானும் மூணு நாளெ போய்ட்டு வந்துட்டேன்." ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை அலுவலகத்தில் காகிதங்களைக் காட்ட வேண்டும். ஸ்கேன் செய்த பிரதியும் செல்லும், பள்ளிப் பதிவேட்டை நாங்களே பிறகு கேட்டுக்கொள்கிறோம் என்று அங்கிருந்த எழுத்தர் சொல்லியிருந்தார். எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே எல்லாம் என் பெட்டியில் இருந்த பிரதியை நம்பித்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை பெரிய காரியம். என் தம்பி லிப்ட் மெக்கானிக். தம்பி மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டுகிறாள். இயந்திரம் என்று பெயர் சொல்லும் எதுவும் அன்றைக்கு அவள் கையிலிருந்து தப்பாது. மிக்சி, தையல் மெஷின், தம்பியின் ஸ்பேனர்கள், என் மூக்குக்கண்ணாடிக் கூடு உட்பட எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைப்பாள். என் பெட்டியை நிறுத்தித் தரச் சொன்னாள். நிறுத்தினேன். பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்க முடியாதபடி பின்னால் வயர்கள் இருந்தன. அதனால் அவள் இரண்டு இழுப்பறைகளையும் உருவி எடுத்து, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, சாமி முன்னால் ஸ்பேனர்களின் பக்கத்தில் அடுக்கிவிட்டாள். அவள் துடைத்தபோது, நான் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த ஒன்று, இரண்டு என்ற எண்களும் போய்விட்டன. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. சுண்டல் நன்றாக இருந்தது என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

விஜயதசமியன்று காலையில் பூஜை சாமான்களை அவள் கலைக்கும் முன்பே தம்பிக்கு பொம்மனஹள்ளியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதாகப் போன் வந்து, கருவிகளைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினான். அன்றைக்கு எல்லோரும் தத்தம் தொழிலைத் தொட்டுத் தொடங்க வேண்டும் என்பதால் நான் நோட்டில் ஒரு வரி எழுதினேன். பெட்டியை இயக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்வரிசைப் பெண் வந்தார். அன்று பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கோப்பில் அடுக்கிவிட வேண்டும் என்று திட்டம். பெட்டியைப் போட்டேன். வழக்கமாக ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு வரும். வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. இரண்டு டிஸ்க் வேண்டும், ஒன்றுதான் வந்திருக்கிறது, அதனால் தொடங்கவில்லை என்று அதற்குப் பொருள். எழுந்துபோய் முகப்பைப் பார்த்தேன். ஒரு இழுப்பறை சந்தனப் பொட்டோடு உள்ளே இருந்தது. மற்றது காலி.

"இன்னொண்ணு எங்கம்மா?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

"எது?"

"இது மாதிரி இன்னொண்ணு இருந்துச்சே, ரெண்டையும் நீதானே எடுத்தே?"

"கலைக்கும்போது ஒண்ணுதான்கா இருந்துச்சு, அத உள்ள வெச்சுட்டேன். இன்னொண்ண நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். உங்க சாமான நான் தொட்டா உங்களுக்குப் புடிக்காதே."

"தொடாமத்தான் பொட்டு வெச்சியா?"

பின்வரிசைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சிவாஜிநகர் கடைக்காரரை அழைத்தேன். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் ஏகப்பட்ட குரல்களும் கேட்டன.

"ஃபிக்கர் நக்கோ மேடம்," என்றார். கவலைப்படாதே என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். "ஒண்ணு இல்லேன்னா அது பயந்துக்கும். நீங்கதான் தைரியம் சொல்லணும். நான் ஒரு லைன் சொல்றேன், டைப் பண்ணுங்க. ஒத்த டிஸ்க வெச்சே ஸ்டார்ட் ஆயிடும். இன்னொண்ணு கிடைச்சதும் உள்ள தள்ளுங்க. காப்பி பண்ணவான்னு கேக்கும். ஓகே குடுங்க. சரியா? இங்க டிபன் ஆறுது."

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்ன கட்டளையைத் தட்டினேன். இருப்பதை வைத்துக்கொண்டு ஓடு என்பதுதான் அதன் சாரம். பெட்டி ஓடியது. பச்சை விளக்கு வந்தது. கால்பந்துக் குழு வந்தது, ரேஷன் கார்டுகள் வந்தன, எல்லா வரிசைகளும் வந்தன. பின்வரிசைப் பெண் எழுந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். மாதவாரியாக வைத்திருக்கும் போல்டர்களில் கடைசி மாதத்தைத் திறந்தேன். அமாவாசைக்கு முந்திய புதன்கிழமை வரைக்கும் கோப்புகள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மூன்று முறை தேடினேன். ஒருவேளை நான் ஸ்கேன் செய்யவே இல்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நோட்டைத் திறந்து பார்த்தேன். செய்தேன் என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"இல்லையா ஆன்ட்டி?"

"இன்னொரு டிஸ்க்ல இருக்கும்மா. ரெண்டுலயும் ஒண்ணேதான் இருக்கும், ஆனாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். ரெண்டிலும் ஒன்றே என்றால் இதில் ஏன் இல்லை?

"நீங்க நோட்ல எழுதி வெச்சிருக்கீங்களே, அதக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா? பேனாவுல, தேதியெல்லாம் போட்டு..."

அவர் கேட்டதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். என் நோட்டை அவ்வளவு நம்பியவர் அவர் ஒருவர்தான். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து கொண்டிருந்தார். "திங்கக்கிழமை போய்ப் பாக்கறேன். கெடைக்கலன்னா இருக்கவே இருக்கு மாப்பு, பக்கெட்டு," என்றார் பிறகு. அதைக் கேட்டுத் தம்பி மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். குற்றம் தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுடையது பாதிதான். மற்ற பாதி எதுவென்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். வேலை முடியாததால் பையை அந்தக் கட்டடத்திலேயே பூட்டி வைத்திருந்தான். லிப்டுக்கு மேல் அறையில் நின்றுகொண்டு பேசினான். "என் பையிலயா? இருக்காதுக்கா." பிறகு ஏதோ உருளும் சத்தம். "ஏய், இருக்கு! ஸ்பேனர் செட்டுக்கு அடியில. பொட்டெல்லாம் வெச்சிருக்கு. நான் என்னமோ லிப்ட் பார்ட்டுன்னு நெனச்சேன்."

"கீழ போட்ராதே. அப்படியே கொண்டு வா."

மதிய இடைவேளையில் பைக்கில் கொண்டுவந்தான். சட்டைப் பையில் கைக்குட்டை சுற்றி வைத்திருந்தான். பின்வரிசைப் பெண் அதை இரண்டு கைகளாலும் வாங்கி என்னிடம் தந்தார். காலியாக இருந்த இடத்தில் பாதி வரை தள்ளிவிட்டேன். கடைக்காரர் சொன்னபடி முழுவதும் தள்ளி, காப்பி செய்யவா என்று கேட்டதும் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

அதற்கு முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று நோட்டை எடுத்தேன். இது என் வியாதி. வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். காலையில் அவசரத்தில் ஸ்கேன் வரியை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது அதற்கு மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. இரண்டாம் டிஸ்க் விலகிவிட்டது. முதல் டிஸ்க் தனியாக ஓடுகிறது. கையை எடுத்துவிட்டு மறுபடி கடைக்காரரை அழைத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் அவர் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், கை வெக்காதீங்க. உள்ள தள்ளிட்டீங்களா?"

"பாதி."

"வெளிய எடுங்க. எடுத்துட்டீங்களா? அல்லா. இத ஏன் மேடம் காலைலயே சொல்லல?"

"அமாவாசைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

மண்டபத்துக்கு வெளியே வந்து அவர் நிதானமாக விளக்கினார். நான் புரிந்துகொண்டது இது. ஒவ்வொரு டிஸ்கும் தன் தலையில் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறது, நாங்கள் இத்தனை பேர் என்று. அந்த வியாழக்கிழமை இரண்டாம் டிஸ்க் விலகியபோது முதல் டிஸ்க் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டது. துணை போய்விட்டது, இனி நான் மட்டும். விலகிய டிஸ்குக்கு இது தெரியாது. அதன் குறிப்பில் இன்னும் இரண்டு பேர்தான். அன்றோடு அதற்கு உலகம் நின்றுவிட்டது. முதல் டிஸ்க் மட்டும் பெட்டியில் இருந்திருந்தால் யாரையும் கேட்காமல் தொடங்கியிருக்கும். துணை வரவில்லை, தொடங்க மாட்டேன் என்று காலையில் காத்திருந்தது என்றால், அது இரண்டாவது. பழையது.

"அதத்தான் நாம வம்படியா ஸ்டார்ட் பண்ணிட்டோம்," என்றார். "இப்ப அதான் மாஸ்டர். புதுச உள்ள தள்ளி ஓகே குடுத்திருந்தா, பழசு புதுசு மேல ஏறி எழுதியிருக்கும். ரெண்டுமே பழசாயிருக்கும். நம்பர் எழுதி வெச்சிருந்தீங்களே மேடம், பாக்கலையா?"

"தொடச்சிட்டாங்க. பூஜைக்கு."

"குங்குமம் வெச்சீங்களா?"

"சந்தனமும்."

"நல்லவேளை, பூசணிக்கா ஒடைக்கல."

அவர் சொன்னபடி பெட்டியை நிறுத்தி, உள்ளே இருந்ததை உருவி மேசையில் வைத்துவிட்டு, தம்பி கொண்டுவந்ததை மட்டும் செருகினேன். அவர் போனில் காத்திருந்தார். மூவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி வேலைக்குத் திரும்ப வேண்டியவன், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். திரையில் எந்தச் செய்தியும் வரவில்லை. பெட்டி எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் பச்சை விளக்கு. கடைசி மாதத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை இருந்தது. அதற்குள் சான்றிதழின் முன்பக்கம், பின்பக்கம்.

பின்வரிசைப் பெண் திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் அவர் விரல் அச்சு விழுந்தது. "இதான், இதான்," என்றார். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துடுச்சா? நான்தான் சொன்னேனே, பொட்டு வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு."

அவள் அப்படி ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதிகள் எடுத்தோம். கூடவே ஒரு பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். விலகிய டிஸ்க் கெட்டுப்போகவில்லை, உள்ளே வயர் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று கடைக்காரர் மறுவாரம் வந்து சொல்லிச் சரிசெய்து, பழையதைத் துடைத்துப் புதியதிலிருந்து நிரப்பினார். இழுப்பறைகளில் எண்ணை இப்போது ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எழுத்தர் பிரதியை வாங்கிக்கொண்டார். பள்ளிப் பதிவேட்டுக்கும் கடிதம் போயிற்று. தீபாவளி கழிந்து இரண்டாம் வாரம் வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. வேலை அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். இந்த முறை மைசூர்பாகு இல்லை, பாதுஷா.

அந்த உத்தரவையும் ஸ்கேன் செய்யக் கொண்டுவந்தார். அப்போது திரையில் அதன் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் ஒன்று. அந்தப் பள்ளியிலிருந்து வந்து என்னிடம் ஸ்கேன் ஆகியிருக்கும் சான்றிதழ்களில் பாதிக்கு மேல் ஜூன் ஒன்றுதான். சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் பிள்ளையைப் பார்த்து ஒரு வயதைக் கணக்குப் போட்டு, பள்ளி திறக்கும் நாளையே பிறந்த நாளாக எழுதிவிடுவது அக்காலத்தில் வழக்கம். பின்வரிசைப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஜூன்லயா நான் பொறந்தேன்? இல்லையே ஆன்ட்டி," என்றார். "அம்மா சொல்லும், கரகத் திருவிழா பாத்துட்டு வந்தப்ப வலி எடுத்துச்சுன்னு. அந்தக் கூட்டத்துல நின்னதுதான் காரணம்னு எங்க அப்பாவ சாவுற வரைக்கும் திட்டிச்சு."

"எந்த வருஷத்துக் கரகம்?"

யோசித்தார். "கேக்காம உட்டுட்டேன். இப்ப கேக்க யாரு இருக்கா? ஏன் ஆன்ட்டி, அது வேணுமா?"

வேலைக்கு வேண்டாம் என்று சொன்னேன். உத்தரவை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைக் கைப்பையில் போட்டு, பையை அணைத்துக்கொண்டு போனார்.

கரகம் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆகவே ஜூன் ஒன்று அவர் பிறந்த நாளாக இருக்க முடியாது. ஜனவரி ஒன்றும் இருக்க முடியாது. ஆண்டைப் பொறுத்தவரை, சான்றிதழ் சொல்வது சரியா, ஆதார் சொல்வது சரியா, இரண்டுமே தவறா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில் என்கிறார். அங்குள்ள பிறப்புப் பதிவேட்டை நான் பார்க்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதவும் இல்லை. அவர் பெயருக்கு எதிரே நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: பிறந்த ஆண்டு, சான்றிதழின்படி. சரிபார்க்கப்படவில்லை.